ஆற்றுச் சாம்பிளும் ஆச்சி சாம்பலும்

அந்தச் சாமானைப் பார்க்கிற எவரும் மீன் என்றுதான் சொல்வார்கள். வெண்கல உடம்பு. ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நீளம். பின்னுக்கு வால், வாலில் செட்டை. மூக்கு நுனியில் பென்சில் பருமனில் ஒரு குழாய். மூக்கைத் திறந்தால் வயிற்றுக்குள் ஒரு போத்தல் படுத்திருக்கும். கயிற்றில் கட்டி ஆற்றுக்குள் இறக்கினால் வால் அதைத் திருப்பி, நீரோட்டத்துக்கு முகம் காட்டி நிற்க வைக்கும். மூக்கால் தண்ணீர் உள்ளே போகும், போத்தலுக்குள் இருந்த காற்று வேறொரு துளையால் வெளியே வரும். அப்படிப் பிடித்த தண்ணீரை லாப்புக்கு அனுப்பினால், அந்த ஆற்றில் எவ்வளவு மண் மிதந்து போகிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

நான் இதற்கென்று படித்து வந்தவன் இல்லை. பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டது. ஸ்காபரோவில் ஒரு வெயாஹவுசில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவனை ஒரு சின்னக் கொம்பனி, "வாகனம் ஓடுவாயா, குளிர் தாங்குவாயா?" என்று இரண்டு கேள்வி மட்டும் கேட்டு எடுத்துக்கொண்டது. இரண்டாவதற்கு நான் சொன்ன பதில் உண்மையில்லை. ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடுகள் கட்டக் கட்ட, கிண்டிய மண் மழையோடும் உருகிய பனியோடும் ஓடி வந்து ஆற்றில் சேருகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அந்த வீடுகளை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள். வெள்ளிக்கிழமை அவர்களோடு நின்று சாமி கும்பிடுவேன், சனிக்கிழமை அவர்களுடைய வீட்டு வளவு மண்ணைப் போத்தலில் பிடிப்பேன்.

வேலையிடத்தில் எல்லாரும் அந்தச் சாமானை 'பிஷ்' என்பார்கள். பெட்டியில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் நானும் மனைவியும் மீன் என்போம். விண்டரில் அதைக் குளிரில் விடக்கூடாது. மூக்குக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் உறைந்து அடைத்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் என் காரிலேயே கொண்டு வந்து வீட்டுக்குள் எடுத்து வைப்பேன்.

"மீனை உள்ளுக்கை எடுத்தாச்சோ?" என்பாள் மனைவி.

"ஓம், ஹீற்றருக்குப் பக்கத்திலை படுத்திருக்கு."

சைவ வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று கேட்டால், இல்லைத்தான். பழகிவிட்டது.

இனி நான் வைத்த நேர்த்திக்கடன் விஷயத்துக்கு வருகிறேன். மனைவிக்கு முழங்காலில் ஒப்பரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்துகொண்டு முருகனிடம் பேசினேன். காவடி எடுக்க என் தோள் இடம் கொடாது. பெரிதாக உபயம் செய்ய என் கை இடம் கொடாது. என்னிடம் பெரிதாக இருந்தது கூச்சம் ஒன்றுதான். நாலு பேர் நடுவில் தேவாரம் என்றால் வாயை மட்டும் அசைப்பேன். அதையே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். "முருகா, இவள் பொல்லு ஊன்றாமல் நடந்தால், தைப்பூசத்தன்று உன் முன்னால் நின்று நான் தனியாகப் பஞ்சபுராணம் ஓதுகிறேன்" என்றேன். பூசை முடிகிற நேரம் ஒருவர் முன்னுக்கு வந்து, திருமுறைகளில் இருந்து ஐந்து பாட்டு ஓதுவார். அதுதான் பஞ்சபுராணம். மற்ற எல்லாரும் பேசாமல் நின்று கேட்பார்கள். கூச்சக்காரனுக்கு அதைவிடப் பெரிய காவடி இல்லை.

முருகன் தன் பங்கைச் செய்தார். இவள் பொல்லு இல்லாமல் நடந்தாள். நடந்ததோடு நிற்காமல், "எப்ப பாடப் போறியள்?" என்று கேட்டுக்கொண்டு என் பின்னாலேயே நடந்தாள்.

எங்கள் கோயில் ஒரு பிளாசாவில், பல் டொக்டருக்கும் றோல்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே தைப்பூசத்தன்று ஓதுகிறவர் எப்போதும் ஒரே ஆள். அருமையான குரல். நாங்கள் அவரைக் குரல் அண்ணை என்றே சொல்வோம். யார் எந்த நாளில் ஓதுவது என்று ஒழுங்கு செய்கிறவரும் அவர்தான். அதனாலோ என்னவோ, நல்ல நாளெல்லாம் அவருக்கே விழும். நான் போய் நேர்த்தியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார்.

"நேர்த்தி எண்டால் நான் என்ன சொல்லுறது தம்பி. பாடுங்கோ. ஆனா சுருதி எண்டு ஒரு சாமான் இருக்கு. அதையும் ஒருக்கால் யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்தேன். பழகுவதற்கு இடம் இல்லை. வீட்டில் பாடினால் மனைவி பிழை திருத்துவாள். காரில் பாடினால் சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்க்காரர் பார்ப்பார். கடைசியில் பாட இடம் கிடைத்தது உறைந்த ஆற்றின் மேல்.

ஐஸில் துளை போட்டு மீனை இறக்குகிற வேலையில் ஒரே ஒரு கவனம்தான். வேகம் மாறக்கூடாது. மேல் தண்ணீரில் மண் குறைவு, அடியில் அதிகம். ஒரே சீராக இறக்கி, அடியை இடிக்காமல் திருப்பி, அதே சீரில் தூக்கினால்தான் எல்லா ஆழத்துத் தண்ணீரும் அளவாக வந்து சேரும். ஓரிடத்தில் சுணங்கினால் அந்த இடத்துத் தண்ணீர் கூடிவிடும். போத்தல் வாய் முட்ட நிரம்பினாலும் பிழை, ஊற்றிவிட்டுத் திரும்ப இறக்க வேண்டும். எனக்கு அந்தச் சீர் வரவே இல்லை. என் பொஸ் ஒரு இளம் பெண், ஆறுகளைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர், பொறுமைசாலி. "மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்" என்றார். எண்ணினால் குளிரில் ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்தது. பிறகு ஒரு நாள் தேவாரத்தைச் சொல்லிக்கொண்டு இறக்கினேன். ஒரு அடி பாடி முடிய மீன் கீழே போய்ச் சேர்ந்தது. அடுத்த அடிக்கு மேலே வந்தது. போத்தல் அளவாக நிரம்பியிருந்தது.

"என்ன செய்தீர்கள்?" என்றார் பொஸ்.

"பாடினேன்."

"நிறுத்த வேண்டாம்" என்றார்.

அன்று முதல் ஆற்றுக்கு மேல் எனக்குப் பெரிய கச்சேரி. கேட்பதற்குப் பொஸ்சும் இரண்டு காகமும்.

தை பிறந்ததும் விரதம் பிடித்தேன். மச்சம், அதாவது மீன் இறைச்சி, வீட்டுக்குள் வரவில்லை. வெண்கல மீன் மட்டும் வந்து போனது. தைப்பூசத்துக்கு முந்திய வாரம் வெள்ளிக்கிழமை, வழமைபோல அன்ரியை என் காரில் ஏற்றிக்கொண்டு கோயிலில் இருந்து திரும்பினேன். அன்ரி எங்கள் கோயில் மடப்பள்ளியின் தலைவி. தலைவி என்று யாரும் வைத்ததில்லை, அவவே வைத்துக்கொண்ட பதவி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. மடியில் பிரசாதச் சட்டியோடு பின்சீற்றில் இருந்தா. அந்த நேரம் பொஸ் போன் எடுத்தார். காரின் ஸ்பீக்கரில் பேசினேன்.

"மீன் எப்படி இருக்கிறது?" என்றார் பொஸ், இங்கிலீசில்.

"நல்லாக் கழுவிப் பின்னால் வைத்திருக்கிறேன்" என்றேன், என் இங்கிலீசில். "நாளைக்கு ஐஸ் வெட்டினதும் அவர் தயார்."

போனை வைத்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். அன்ரி பிரசாதச் சட்டியைத் தூக்கி, காரின் பின்பக்கத்துக்குப் படாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தா. குளிருக்காக்கும் என்று ஹீற்றரைக் கூட்டிவிட்டேன்.

அன்ரி வீட்டுக்குள் போனதும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் என் மனைவிக்குப் போன் எடுத்திருக்கிறா. அந்த நேரம் இவளுடைய அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, பிரஷர் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு பேரையும் இருத்திக் கேட்டுக் கூட்டிப் பார்த்ததில், அங்கே நடந்த சம்பாஷணை இதுதான்.

"பிள்ளை, தம்பி விரதத்தை விட்டிட்டாரோ? காருக்குள்ளை மீன் வைச்சுக்கொண்டு திரியிறார்."

"ஐயோ அன்ரி, அது மீன் இல்லை. அவர் நாளைக்குச் சாம்பிள் அள்ளப் போறவர்." விசில்.

"சாம்பலோ? ஆற்றை சாம்பல் பிள்ளை?"

எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் 'ஆற்றை' என்றால் யாருடைய என்று அர்த்தம். இவள் அதை ஆறு என்று எடுத்துக்கொண்டாள்.

"ஓம் அன்ரி, ஆத்தின்ரைதான்." இன்னொரு விசில்.

அன்ரியின் காதில் விழுந்தது, "ஆச்சின்ரைதான்."

சாம்பிள் சாம்பலாகி, ஆறு ஆச்சியாகி, எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆச்சி என்று ஒருவர் இல்லவே இல்லை. அதைப் பற்றி அன்ரிக்குக் கவலை இல்லை. பேஸ்மென்றில் இருந்திருப்பா, வயது போன மனிசி, குளிருக்கு வெளியே வராமல் இருந்திருப்பா என்று அவவே ஒரு ஆச்சியை உண்டாக்கி, அந்த ஆச்சியைத் தகனமும் செய்துவிட்டா.

இது எதுவும் தெரியாமல் மறுநாள் காலை நானும் பொஸ்சும் ஆற்றுக்குப் போனோம். துளை போட்டோம். மீனின் மூக்குக்குப் பிளாஸ்கில் இருந்து சுடுதண்ணீர் ஊற்றி இறக்கினேன். கயிறு என் கையில். பாட்டு என் வாயில். ஐந்தாவது பாட்டு, கடைசி அடி. அந்த அடியை எங்கே கேட்டாலும் என் கை தானாகத் தலைக்கு மேலே போய்க் கும்பிடும். சின்ன வயதில் இருந்து வந்த பழக்கம். அன்றும் கை போனது.

கயிறு போகிற சத்தம் மெல்ல 'சர்' என்று கேட்டது. கண் திறந்து பார்த்தபோது துளையில் கறுத்த தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றின் நுனியைக் கொளுவி வைக்க ஒரு கொழுக்கி இருந்தது. கொழுக்கி பெட்டிக்குள் இருந்தது.

பொஸ் துளையைப் பார்த்தார், தலைக்கு மேலே இருந்த என் கையைப் பார்த்தார்.

"நீங்கள் இப்போது மீனையா கும்பிட்டீர்கள்?"

"இல்லை, முருகனை."

"அவர் எடுத்துத் தருவாரா?"

"இந்த ஆழத்துக்கு எல்லாம் அவரைக் கூப்பிடக் கூடாது" என்றேன்.

பொஸ் சிரித்துவிட்டார். ஸ்ரோரில் இன்னொன்று இருக்கிறது, புதிது, இதைவிட நல்லது, பழையதை ஐஸ் உருகியதும் தேடலாம் என்றார். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. இரண்டு விண்டர் என் வீட்டு ஹீற்றருக்குப் பக்கத்தில் படுத்த சாமான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தா. வெள்ளைச் சேலை, தலையைக் குனிந்தபடி. கூடவே குரல் அண்ணை. பெரிய பாத்திரத்தில் இடியப்பம், இன்னொன்றில் சொதி. சோபாவில் இருந்து இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். மனைவி தேத்தண்ணிக்கு எழும்பினாள்.

"வேண்டாம் பிள்ளை. நீங்கள் இப்ப அடுப்பு மூட்டக் கூடாது" என்றா அன்ரி.

பிறகு என்னைப் பார்த்தா. "தம்பி, உங்கடை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு."

மீன் போன கதை எப்படியோ அவவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அழுகை வருமாப்போல இருந்தது.

"பாவம் அது, அன்ரி. நல்லாத்தான் இருந்தது."

"கடைசி நேரம் கஷ்டப்பட்டதோ?"

"இல்லை. ஒரு செக்கன்தான். நான்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அப்ப உங்கடை கையிலைதான் போனது."

"ஓம் அன்ரி. என்ரை கையாலைதான் போனது. நான் தேவாரம் பாடிக்கொண்டு நிக்கேக்கை."

அன்ரி குரல் அண்ணையைத் திரும்பிப் பார்த்தா. "கேட்டியளே. தேவாரம் கேட்டபடி போயிருக்கு. எத்தினை பேருக்கு இது கிடைக்கும்."

"சுருதி சேராட்டிலும் தேவாரம் தேவாரம்தான்" என்றார் குரல் அண்ணை.

"இப்ப எங்கை தம்பி?"

"ஐஸிலைதான் கிடக்கு."

"ஆரும் ஆக்கள் வரவேண்டிக் கிடக்கோ?"

"ஓம், எடுக்கிறதுக்கு ஆள் வரவேணும். ஸ்பிரிங்குக்குத்தான் எண்டினம்."

"ஸ்பிரிங் வரைக்குமோ." அன்ரி நெஞ்சில் கை வைத்தா. குரல் அண்ணை மெதுவாக, "அப்ப சாம்பலை என்னெண்டு அள்ளுறது?" என்று அவவின் காதுக்குள் கேட்டார். அதை நான் சாம்பிள் என்று கேட்டேன்.

"அதுக்குப் பிரச்சினை இல்லை அண்ணை. பொஸ் புதுசு ஒண்டு தந்திட்டா. இதைவிட அது நல்லதாம்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு பேரும் எழும்பினார்கள், சப்பாத்தைப் போட்டார்கள், கதவைத் திறந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் யார் வீட்டில் இருந்து புறப்பட்டாலும் "போட்டு வாறம்", அதாவது போய்விட்டு வருகிறோம், என்று சொல்லாமல் போக மாட்டார்கள். வாசலில் ஒரு தரம், காரில் ஏறி ஒரு தரம், கண்ணாடியை இறக்கி ஒரு தரம். சொல்லாமல் போவது செத்தவீட்டில் இருந்து மட்டும்தான். அங்கே சொன்னால் திரும்பவும் அப்படி ஒரு காரியத்துக்கு வருகிறோம் என்று அர்த்தமாகிவிடும்.

மனைவி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன இது, செத்தவீட்டுக்கு வந்த சனம் மாதிரிப் போகினம்?"

"மீன் போனதுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவையாக்கும். அதுதான் இடியப்பம்" என்றேன்.

சொதி மிக நன்றாக இருந்தது. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை குரல் அண்ணை போன் எடுத்தார். "தம்பி, மனசைத் தேத்துங்கோ. தைப்பூசத்துக்கு நானே பாடுறன். உங்களுக்குத் துடக்கெல்லோ. முப்பத்தொண்டு முடிய வாங்கோ."

வீட்டில் சாவு என்றால் துடக்கு, அதாவது தீட்டு, முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது.

"அண்ணை, எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை."

"அப்பிடித்தான் தம்பி மனம் சொல்லும். என்ரை அப்பர் போனபோதும் நான் ஒரு கிழமை நம்பேல்லை."

"உண்மையா அண்ணை. ஆர் செத்தது?"

"ஆச்சி."

"எந்த ஆச்சி?"

அவர் பெருமூச்சு விட்டார். "நல்லா நித்திரை கொள்ளுங்கோ தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

ஒருவர் செத்ததை நிரூபிக்க ஒரு சேர்ட்டிபிக்கற் இருக்கிறது. யாரும் சாகவில்லை என்று நிரூபிக்க என்ன இருக்கிறது? அன்ரிக்குப் போன் எடுத்தேன். "தம்பி, துக்கத்திலை இருக்கிற ஆக்கள் போனிலை கதைக்கக் கூடாது" என்று அவவும் வைத்துவிட்டா. மனைவி அப்போதுதான் வெள்ளிக்கிழமைப் பேச்சை நினைவுக்குக் கொண்டு வந்தாள். சாம்பிள், சாம்பல் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். கதிரையில் இருந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். இந்த முழங்காலுக்கு வைத்த நேர்த்தி, என் வாழ்நாளில் நான் துணிந்து கொடுத்த ஒரே வாக்கு, இல்லாத ஒரு ஆச்சியால் போகப் போகிறது. அன்று சாமியறையில் விளக்கு ஏற்றிவிட்டு, "முருகா, நான் கூச்சத்தைத் தந்தனான், நீ ஏன் திருப்பித் தாறாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. அவருக்கும் தைப்பூச நேரம், வேலை அதிகம்.

தைப்பூசத்தன்று பின்னேரம் ஆற்றில் இருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும் வழியில் மனைவி சொன்னாள், "மீனையும் உள்ளுக்கை கொண்டு வாங்கோ."

"கோயிலுக்கோ?"

"காட்டாமல் அதுகள் நம்பாதுகள். புதுசுதானே. கழுவினதுதானே."

புதிய மீனைத் துவாயில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு போனேன். எங்கள் கோயிலுக்கு இரண்டு கதவு. நடுவில் சப்பாத்து வைக்கிற இடம். துடக்கோ இல்லையோ, தீர்ப்பு வரும்வரை அந்த நடு இடத்திலேயே நிற்போம் என்று நின்றோம். வருகிறவர்கள் எல்லாரும் எங்களை இரக்கத்தோடு பார்த்து, துவாய்க்குள் இருப்பதைப் பயத்தோடு பார்த்துப் போனார்கள். ஆச்சியின் சாம்பல்தான் அதற்குள் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

கோயில் ஐயரும் அன்ரியும் குரல் அண்ணையும் வந்தார்கள். அன்ரியின் கையில் அகப்பை, பாயசம் கிண்டிய இடத்தில் இருந்து நேராக வந்திருக்கிறா.

ஐயர் மெதுவாகக் கேட்டார். "காலமானது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை ஐயா" என்றேன்.

"ஆச்சி" என்றா அன்ரி.

"எங்கடை வீட்டிலை ஆச்சியே இல்லை அன்ரி" என்றாள் மனைவி.

"அதுதானே பிள்ளை நாங்களும் சொல்லுறம். இனி இல்லைத்தான்."

மனைவி பொறுமையாக ஆரம்பித்தாள். "அன்ரி, போனிலை நான் சொன்னது ஆத்தின்ரை. ஆறு. சாம்பல் இல்லை, சாம்பிள். தண்ணிச் சாம்பிள்."

"ஆத்தின்ரையோ, ஆச்சின்ரையோ?"

"ஆத்தின்ரை."

அன்ரி அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் போட்டு மாறி மாறிச் சொல்லிப் பார்த்தா. அகப்பை மெல்லக் கீழே இறங்கியது. "அப்ப தம்பியின்ரை கையிலை தேவாரம் கேட்டுக்கொண்டு போனது?"

நான் துவாயைத் திறந்தேன். வெண்கலம் வெளிச்சத்தில் பளபளத்தது. உள்ளே போகிற ஒரு வயதானவர் நின்று அதைக் கும்பிட்டு, "பெருமாள் கோயில் உபயமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்ரி குனிந்து மூக்கில் இருந்து வால் வரை பார்த்தா. "இதுதானோ செத்தது?"

"இது இல்லை அன்ரி. இதின்ரை மூத்தது."

குரல் அண்ணை திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. மூக்கைத் திறந்து உள்ளே போத்தலைக் காட்டி, இறக்குவதும் தூக்குவதும் எப்படி என்று சொன்னேன். என் விளக்கம் ஐயருக்கு விளங்கவில்லை. ஆற்றில் மண் எடுக்க ஏன் மீன் என்று கேட்டார். ஆனால் அன்ரிக்குப் பிடிபட்டுவிட்டது.

"இது பாயசக் கதையெல்லோ ஐயா. சவ்வரிசி எல்லாம் அடியிலை போய்க் கிடக்கும். முன்னுக்கு வாறவைக்கு மேலாலை வார்த்தால் வெறும் பால். கடைசியிலை வாறவைக்குக் கட்டி. அகப்பையை அடி வரைக்கும் விட்டு ஒரே மாதிரி எடுத்தால்தான் எல்லாருக்கும் சரியான பங்கு. தம்பி ஆத்துக்கு அதைத்தான் செய்யிறார்."

என் பொஸ் கூட எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஐயர் மீனைத் தொட்டுப் பார்த்தார். "வெண்கலத்துக்குத் துடக்கில்லை" என்றார். "உள்ளுக்கை வாங்கோ. மீனை மட்டும் சப்பாத்துக்குப் பக்கத்திலை விடாதேங்கோ, பார்க்க ஒரு மாதிரி இருக்கு."

குரல் அண்ணை தொண்டையைச் செருமினார். "நான் காலமை துடங்கி மிளகு கடிச்சுத் தொண்டையைச் சரி பண்ணி வைச்சிருக்கிறன்." எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அன்ரி அகப்பையோடு பார்த்தா. "சரி சரி. நேர்த்தி. நான் பின்னுக்கு நிக்கிறன். வரி விட்டால் எடுத்துத் தாறன்."

பூசை முடிகிற நேரம் ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முன்னுக்குப் போய் நின்றேன். தீபத்துக்குப் பின்னால் முருகன், எனக்குப் பின்னால் முழுப் பிளாசாவும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மூக்குக் குழாய் உறைந்த மீன் போல நின்றேன். அப்போது என் வலது கை, என்னைக் கேட்காமல், இல்லாத கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்கத் தொடங்கியது. சத்தம் வந்தது. முதல் அடிக்குக் கை கீழே போனது, இரண்டாம் அடிக்கு மேலே வந்தது. அப்படியே நாலு பாட்டும் போயின. நாலாவதில் ஒரு சொல் விட்டுப்போனது. குரல் அண்ணை பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தார், என்னைவிடச் சத்தமாக, அழகாக. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஐந்தாவது பாட்டின் கடைசி அடி வந்தது. கை தலைக்கு மேலே போனது. இந்த முறை அதில் கயிறு இல்லை, விழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. "அரோகரா" என்ற சத்தம் எழும்பியது. திரும்பிப் பார்த்தேன். மனைவி இரண்டு காலிலும் நேராக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு பாயசம். அன்ரி எனக்கு வார்க்கும்போது அகப்பையை மேலிருந்து அடிவரை சீராக விட்டு, அதே சீரில் தூக்கினா. "சாம்பிள்" என்றா, ஒவ்வொரு எழுத்தாக.

அன்றும் அவவை நான்தான் காரில் கொண்டு போய் வீட்டில் இறக்கினேன். மீன் பின்னால் படுத்திருந்தது. பிரசாதச் சட்டியை அதற்குப் பக்கத்திலேயே வைத்திருந்தா. இறங்கும்போது சீற்றுக்கு மேலால் எங்களை எட்டிப் பார்த்து, "போட்டு வாறன் பிள்ளையள்" என்றா. வாசல் கதவுப் பூட்டில் திறப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி, "போட்டு வாறன்" என்றா. கார் நகர, கதவை மீண்டும் திறந்துகொண்டு வந்தா. மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

"அண்டைக்குச் சொல்லாமல் போனனான் எல்லோ" என்றா அன்ரி. "போட்டு வாறன்."